புது பெல்ட் போட்டும் கீச்சொலி போகவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் பெட்ரோல் காரில் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. பழைய பெல்ட்டில் விரிசல் இல்லை. ஆனால் உட்பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் வரிகள் தேய்ந்து பளபளவென்று இருந்தன. இப்போதைய ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் விரிசல் விடாமலே தேய்ந்துபோகும் என்பதால் வீட்டிலேயே மாற்றிவிட்டேன். அளவு 6பிகே1740, அதாவது 6 வரி, 1,740 மி.மீ. நீளம். பழையதிலும் இதே எண்தான்.

மாட்டுவதில் சிரமம் இருக்கவில்லை. பெல்ட்டை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனரை ஸ்பேனரால் நெம்பிப் பிடித்துக்கொண்டு, கடைசியாக வழவழப்பான ஐட்லர் புல்லியில் (பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் சுற்றும் சக்கரம்) ஏற்றினேன். வரிகள் பள்ளத்தில் சரியாக அமர்ந்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்தும் பார்த்தாயிற்று.

ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் குருவிக் கூட்டம் போலக் கத்துகிறது. எஞ்சின் ஓடும்போது வரிப்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால், சில நொடிகள் அடங்கிவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறது. இழுவிசை குறைவென்றால் தண்ணீர் பட்டதும் சத்தம் கூடியிருக்க வேண்டுமே? ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டிலிருந்து விலகியிருக்கிறது என்றே நினைக்கிறேன். டென்ஷனரின் கை வேறு லேசாகத் துடிக்கிறது.

எது விலகியிருக்கிறது என்று கண்டுபிடிக்க இரும்பு ஸ்கேல் போதுமா, லேசர் கருவிதான் வேண்டுமா? டென்ஷனரை முழுதாக மாற்றுவதானால் முன்சக்கரத்தைக் கழற்றிப் பக்கவாட்டில் கை விடலாமா? மேலிருந்து விரல்கூட நுழையவில்லை.

பெல்ட்டுக்கு ஸ்பிரே அடிக்கும் யோசனை மட்டும் வேண்டாம், புண்ணியமாகப் போகும்.