திறந்து வைத்த 22-ஆம் போர்ட்

மாடி அறையில் சும்மா கிடந்த பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, கோப்புகளைச் சேமிக்க வைத்திருந்தேன். வெளியே இருக்கும்போதும் எடுக்கலாமே என்று ரவுட்டரில் 22-ஆம் போர்ட்டை அதற்குத் திருப்பிவிட்டேன். தொலைவிலிருந்து கணினிக்குள் மறையாக்கத்தோடு நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் வாசல் அது. என் முகவரி யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பு.

மறுநாள் காலையில், நுழைவு முயற்சிகளைப் பதிந்துவைக்கும் ஆத்.லாக் கோப்பைத் திறந்தால் பக்கம் பக்கமாக ‘ஃபெயில்டு பாஸ்வேர்டு’. ரூட், அட்மின், டெஸ்ட் என்று ஒவ்வொரு பெயராக முயன்றிருக்கிறார்கள். ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே சில நொடிகள்தான். யாரும் என்னைக் குறிவைக்கவில்லை. ஐபிவி4 வகை இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. நிரலை ஏவி ஒவ்வொரு கதவாகத் தட்டினால் நம் வீடும் வந்துவிடும்.

அன்றே, கடவுச்சொல்லுக்குப் பதிலாக நுழைய உதவும் ஈடி25519 வகைச் சாவி ஜோடி ஒன்றை உருவாக்கினேன். பொதுச் சாவி வீட்டுக் கணினியில், தனிச் சாவி மடிக்கணினியில். கடவுச்சொல் நுழைவை, எஸ்எஸ்எச் சேவையை நடத்தும் எஸ்எஸ்எச்டி நிரலின் அமைப்புக் கோப்பான எஸ்எஸ்எச்டி கான்ஃபிக்கில் ‘நோ’ என்று மாற்றி, சேவையை மறுபடி தொடங்கினேன். முடிந்தது என்று நினைத்தேன். சந்தேகத்துக்கு, சாவி இல்லாத வேறு கணினியிலிருந்து முயன்று பார்த்தால், கடவுச்சொல் கேட்கிறது!

ஒரு மணி நேரம் போனது. கான்ஃபிக்.டி கோப்புறையில் இருந்த இன்னொரு சிறு கோப்பில் ‘யெஸ்’ என்று இருந்தது. எஸ்எஸ்எச்டி முதலில் படிக்கும் மதிப்பையே எடுத்துக்கொள்ளும். பின்னால் வரும் என் ‘நோ’வை அது மதிக்கவே இல்லை. ‘எஸ்எஸ்எச்டி -டி’ என்று, டி-யைப் பெரிய எழுத்தில் அடித்தால் உண்மையில் நடப்பில் உள்ள அமைப்பைக் காட்டும். தயவுசெய்து அதைப் பாருங்கள். இதையெல்லாம் மாற்றும்போது ஏற்கெனவே நுழைந்திருக்கும் ஜன்னலை மூடாதீர்கள். தவறினால் அதுதான் திரும்பும் வழி.

இப்போது 22 வெளியே மூடியாகிவிட்டது. வீட்டு வலையமைப்புக்குள் மறையாக்கத்தோடு நுழையும் விபிஎன் பாதையான வயர்கார்டு மட்டும் திறந்திருக்கிறது. சாவி இல்லாமல் தட்டுபவருக்கு அது பதிலே சொல்லாது.

மறுமொழி:

எனக்கு நடந்தது வீட்டு வலையமைப்புக்குள்ளேயே. மகளின் கணினியிலிருந்து படங்களை எஃப்டிபி (மறையாக்கம் இல்லாமல் கோப்பு அனுப்பும் பழைய முறை) வழியாக என் கணினிக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒருநாள் வேறு ஏதோ கோளாறைப் பிடிக்க, வலையமைப்பில் போகும் தரவைக் காட்டும் வயர்ஷார்க்கை ஓடவிட்டேன். திரையில் ‘பாஸ்’ என்றொரு சொல், பக்கத்திலேயே என் கடவுச்சொல், அப்படியே. மின்னஞ்சலுக்கும் அதையேதான் வைத்திருந்தேன். பயந்துவிட்டேன். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் இப்படிக் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட பிறகுதான் தாத்து யுலோனென் எஸ்எஸ்எச்சை எழுதினார்.

இப்போது எங்கள் வீட்டில் எஸ்எஸ்எச் வழியே கோப்பு அனுப்பும் எஸ்எஃப்டிபி. பெரிய கோப்புறை என்றால் எஸ்எஸ்எச் வழியே ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி.

முதல்முறை இணைந்தபோது, என் கணினியின் சாவியை அடையாளம் காட்டும் எழுத்துத் தொடரான கைரேகையைக் காட்டி ‘யெஸ்’ஸா என்று கேட்டது. மகள் உடனே அடிக்கப் போனாள். பொறு என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய், என் கணினியின் கைரேகையைத் திரையில் வரவழைத்து உரக்க வாசித்தேன். ஷா256-க்குப் பின்னால் 43 எழுத்துகள். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று அவள் நடுவில் இரண்டு முறை கேட்டாள். கடைசி எழுத்தும் பொருந்திய பிறகுதான் ‘யெஸ்’ அடித்தாள்.