டவுன்பைப் மாற்றிய பிறகு மூன்று மேப் வீணானது: என் அனுபவம், உங்களுடையதையும் சொல்லுங்கள்

என் வண்டி 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல். கம்பெனி டவுன்பைப்பை, அதாவது டர்போவிலிருந்து புகையைப் பின்னால் கொண்டுபோகும் குழாயைக் கழற்றிவிட்டு மூன்று அங்குலக் குழாய் போட்டேன், உள்ளே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரோடு (200 செல், அதாவது சதுர அங்குலத்துக்கு 200 துளை). அந்தக் கன்வர்ட்டரை அடியோடு எடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அந்த நாற்றத்தையும் புகையையும் பின்னால் வருகிறவர் மீது விட எனக்கு மனசில்லை. பல இடங்களில் அது சட்டப்படி குற்றமும்கூட.

முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. 3000 ஆர்பிஎம்மில் வரும் இழுவை 2600-லேயே வந்துவிட்டது. டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்தால் டர்போ சீக்கிரம் சுழலும், அவ்வளவுதான். ஆனால் டர்பைனைத் தொடாமல் புகையை விலக்கிவிடும் வேஸ்ட்கேட் கதவை எப்போது, எவ்வளவு திறக்க வேண்டும் என்று இசியுவில் (என்ஜினை நடத்தும் கணினி) இருந்த கணக்கு, அதாவது மேப், பழைய குழாய்க்கு எழுதியது. ஒரு மேட்டில் நான்காம் கியரில் முழுசாக மிதித்தேன். 1.2 பாரில் நிற்க வேண்டிய பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், 1.5-ஐத் தொட்டது. இசியு த்ராட்டிலை மூடிவிட்டது, வண்டி அப்படியே செத்த மாதிரி ஆனது. செக் என்ஜின் லைட் எரிந்தது. கோடு பி0234, அதாவது ஓவர்பூஸ்ட்.

ஓடும்போது சென்சார்கள் காட்டும் அளவுகளின் பதிவை (லாக்) எடுத்து, மேப் எழுதும் டியூனருக்கு அனுப்பினேன். பூஸ்ட் பிரச்சினை முதல் மேப்பிலேயே அடங்கியது. தலைவலி கொடுத்தது எரிபொருள் கணக்குதான். ஐடிலில் லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம், அதாவது இசியு தானாகக் கூட்டிக் குறைக்கும் பெட்ரோலின் சதவீதம், +14 காட்டியது. சீரான வேகத்தில் ஓடும்போது +4-க்கு இறங்கியது. காற்று எங்கோ கணக்கில் வராமல் உள்ளே போகிறது என்று நினைத்து இன்டேக் பக்கம் முழுக்கப் புகை விட்டுப் பார்த்தோம். ஒரு ஓட்டையும் இல்லை. "சென்சார் அளவீட்டைத் திருத்திவிடலாம்" என்றார் டியூனர். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரின் அளவை ஏற்றி இரண்டாவது மேப், இன்னும் கொஞ்சம் ஏற்றி மூன்றாவது. திரையில் டிரிம் பூஜ்யத்துக்கு வந்தது. நானும் நிம்மதியாக இருந்தேன்.

பத்து நாளில் மைலேஜ் விழுந்தது. பிளக்கைக் கழற்றினால் நாலும் கருப்பு, விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் கரி. காற்று உண்மையிலேயே கூடுதலாகப் போயிருந்தால், ஏற்றிய பெட்ரோல் அதற்குச் சரியாகப் போயிருக்கும். பிளக் இப்படிக் கறுத்திருக்காது. அங்கேதான் எனக்கு உறைத்தது: தப்பு என்ஜினுக்குள் போகும் காற்றில் இல்லை, வெளியேறும் புகையை அளக்கிற இடத்தில்.

காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து பானெட்டைத் திறந்து காது கொடுத்தேன். டர்போ பக்கம் மெல்லிய "டிக் டிக்" சத்தம். இரண்டு நிமிஷத்தில் இரும்பு சூடேறி விரிந்ததும் நின்றுவிட்டது. அதனால்தான் இத்தனை நாள் யார் காதிலும் விழவில்லை. என்ஜினை அணைத்து ஆறவிட்டு, வாக்குவம் கிளீனரின் காற்று வெளியே வரும் வாயைச் சைலன்சர் முனையில் வைத்துக் கட்டினேன். இணைப்பு எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். டர்போவும் டவுன்பைப்பும் சேரும் கிளாம்ப்பின் அடிப்பக்கத்தில் கடுகு கடுகாக நுரை கிளம்பியது. பக்கத்து ஹீட் ஷீல்டில் மை தீட்டிய மாதிரி ஒரு கரிக்கோடு.

புகை ஒவ்வொரு துடிப்பாகத்தான் வெளியேறுகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவே அழுத்தம் விழும்போது அந்த இடுக்கு வழியே வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் முன் ஆக்சிஜன் சென்சார் அதற்கு அடுத்தே இருப்பதால் "பெட்ரோல் போதவில்லை" என்று சொல்கிறது. இசியு நம்பி ஊற்றுகிறது. பாவம், டியூனர் திருத்தியதும் அந்தப் பொய்யைத்தான்.

காரணம் பின்பக்க ஹேங்கர்களை முதலில் இறுக்கிவிட்டது. குழாய் ஒரு பக்கம் இழுபட்டு கிளாம்ப் சரியாக உட்காரவில்லை. எல்லாவற்றையும் தளர்த்தி, டர்போ பக்கம் முதலில் உட்காரவைத்து, அங்கிருந்து பின்னோக்கி இறுக்கினேன். மூன்றாவது மேப்போடு ஓட்டிப் பார்த்தால் டிரிம் இப்போது மைனஸ் 11. அளவீட்டைப் பழையபடி கம்பெனி கணக்குக்குக் கொண்டுவந்து, பூஸ்ட் திருத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தோம்.

*

அண்ணா, எனக்கு நேர் எதிராக நடந்தது. என் வண்டியில் ஏர்ஃப்ளோ சென்சாரே கிடையாது. மேனிஃபோல்டு அழுத்தத்தையும் வெப்பத்தையும் வைத்துத்தான் காற்றைக் கணக்கிடும். டவுன்பைப் மாற்றியதும் சிலிண்டரில் தங்கும் எரிந்த வாயு குறைந்து, அதே அழுத்தத்திலேயே கூடுதல் காற்று நிரம்ப ஆரம்பித்தது. அட்டவணை பழசு, அதனால் நிஜமாகவே பெட்ரோல் போதவில்லை. முழு மிதிப்பில் லாம்ப்டா (காற்று-பெட்ரோல் விகிதத்தின் அளவு, 1-க்குக் கீழே இறங்க இறங்கப் பெட்ரோல் அதிகம்) 0.82 இருக்க வேண்டிய இடத்தில் 0.90 வந்தது. 5000-க்கு மேல் நாக் சென்சார் (என்ஜினுக்குள் தட்டலைக் கேட்கும் சென்சார்) சொல்லி, பிளக் பொறி விடும் டைமிங்கை இசியு பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது எதுவுமே தெரியவில்லை, வண்டி நன்றாகத்தான் இழுத்தது. லாக் மட்டும் பார்க்காமல் விட்டிருந்தால் பிஸ்டன் போயிருக்கும். நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. "டவுன்பைப்தானே, மேப் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

*

ஒரு சந்தேகம். எனக்கு பூஸ்ட் ஆரம்பத்தில் சரியாக நிற்கிறது. ஆனால் ஆர்பிஎம் ஏற ஏற அதுவும் ஏறுகிறது, குளிர்ந்த ராத்திரியில் இன்னும் மோசம். இரண்டு மேப் மாற்றியும் அடங்கவில்லை. நீங்கள் சொன்ன மாதிரி லீக்காக இருக்குமா?

*

லீக் மாதிரித் தெரியவில்லை தம்பி. லாக்கில் வேஸ்ட்கேட் டியூட்டி பாருங்கள், அதாவது வேஸ்ட்கேட்டை மூடிவைக்க இசியு கொடுக்கும் கட்டளையின் சதவீதம். அது பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகும் பூஸ்ட் ஏறினால், இசியு கையில் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். வேஸ்ட்கேட் முழுசாகத் திறந்தும் அந்தச் சின்ன துளை வழியே புகை போதுமான அளவு வெளியேறவில்லை. மேப்பால் தீராது. துளையைப் பெரிதாக்க வேண்டும், இல்லையென்றால் வெளி வேஸ்ட்கேட். அதற்கு முன்னால் வேஸ்ட்கேட் முழுசாகத் திறக்கிறதா, புதுக் குழாயின் விளிம்பு அதன் மூடியை இடிக்கிறதா என்று மட்டும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். அதுவரைக்கும் முழுசாக மிதிக்காதீர்கள்.

கழற்றி மாட்டினால் இரண்டு மூன்று தடவை சூடேறி ஆறிய பிறகு கிளாம்ப்பை மறுபடி ஒரு சாவி போட்டுப் பாருங்கள். எனக்குக் கால் சுற்று இறங்கியது.