உதவி தேவை: செவன் அயர்னில் பந்து வலப்புறம் வளைகிறது

கெலமங்கலத்தான்: ஓசூர்ப் பக்கம் உள்ள பயிற்சித் திடலில் ஆறு மாதமாக ஞாயிறுதோறும் கோல்ஃப் பழகுகிறேன். செவன் அயர்ன் என்ற கிளப்பில் (கோல்ஃப் மட்டையில்) அடிக்கும் பந்து நேராகப் புறப்பட்டு, பாதித் தூரத்துக்குப் பின் வலப்புறம் வளைந்து வேலியோரம் விழுகிறது. பிடியில் தவறா, மணிக்கட்டில் தவறா? அடுத்த வாரம் போட்டி இருப்பதால் விரைவாகச் சொல்லுங்கள்.

தென்பெண்ணை: இது ஸ்லைஸ், அதாவது கிளப்பின் முகம் (பந்தில் படும் பக்கம்) வெளிப்புறம் திறந்திருப்பதால் வரும் வளைவு. மேல் கையில், அதாவது பிடியில் மேலே இருக்கும் கையில், மூன்று விரல் கணுக்கள் தெரியும்வரை கையைத் திருப்பிப் பிடியுங்கள். அந்த மணிக்கட்டு புறங்கைப் பக்கம் மடிந்தாலும் கிளப்பின் முகம் திறந்துகொள்ளும்.

அரூரார்: கிரிப் (கிளப்பின் கைப்பிடி உறை) எவ்வளவு தேய்ந்திருக்கிறது, பந்தை எந்தக் காலுக்கு நேராக வைக்கிறீர்கள் என்று எதையும் சொல்லவில்லையே? கிரிப்பின் தடிமனே காரணம் என்று எனக்குப் படுகிறது.

அதியமான்கோட்டை: நான் இங்கே பலமுறை எழுதியதைப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. பந்து புறப்படும் திசையை ஸ்விங்கின் (கிளப்பை வீசுவதன்) பாதையும், வளைவைக் கிளப்பின் முகமும் தீர்மானிக்கின்றன. அடிப்படையைக் கற்றுக்கொண்டு வாருங்கள், தம்பி.

தென்பெண்ணை: ஐயா, அது பழைய பாடம். ரேடார் கருவிகளால் அளக்கத் தொடங்கிய பிறகு, புறப்படும் திசையைப் பெரும்பாலும் முகமே தீர்மானிக்கிறது என்பதும், முகத்துக்கும் பாதைக்கும் உள்ள கோண வேறுபாட்டால்தான் பந்து வளைகிறது என்பதும் தெளிவாகிவிட்டன.

அதியமான்கோட்டை: அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன் மேல் கையை இலக்குப் பக்கம் திருப்பிப் பிடித்தே தம்முடைய ஹூக்கை (முகம் மூடுவதால் வரும் எதிர்ப்புற வளைவை) அடக்கினார், 1953இல் பெரிய பட்டங்களில் மூன்றை வென்றார். அவருக்கு ரேடாரா சொல்லிக்கொடுத்தது?

தென்பெண்ணை: அவர் அப்படி மாற்றியதும் முகத்தைத்தானே, ஐயா?

கெலமங்கலத்தான்: மூன்று கணுக்கள் தெரியப் பிடித்துப் பார்த்தேன். வளைவு கூடிவிட்டது.

பர்கூர்ப்பெண்: உங்கள் கையுறை எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது?

கெலமங்கலத்தான்: வலது கையுறையில், சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கையின் அடிச்சதையில், ஐம்பது காசு அளவுக்கு ஓட்டை.

பர்கூர்ப்பெண்: கையுறையை மேல் கையில்தான் அணிவோம்; அது வலது என்றால் நீங்கள் இடக்கை ஆட்டக்காரர். இடக்கைக்காரருக்கு வலப்புற வளைவு ஸ்லைஸ் அன்று, ஹூக். என் தம்பியும் இடக்கைக்காரன் என்பதால், ஒவ்வொரு பாடத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரட்டிப் படித்துப் பழகியவள் நான். வலது கையை இலக்குப் பக்கம் திருப்பி, இரண்டு கணுக்கள் மட்டும் தெரியப் பிடியுங்கள். கிளப்பை மேலே தூக்கி நிறுத்தும்போது வலது மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கம் மடிந்தால் முகம் மூடிக்கொள்ளும்; புறங்கையும் முன்கையும் ஒரே நேராக இருக்கட்டும். பந்து கிளப்பைத் தொட்டிருப்பது நொடியில் ஏறத்தாழ 2,000இல் ஒரு பங்கு நேரமே என்பதால், அந்தக் கணத்தில் மணிக்கட்டால் எதையும் திருத்த முடியாது. கிரிப் விரல்களில் அடங்காமல் உள்ளங்கையில் கிடந்து, அடிக்கு அடி நழுவி உராய்வதால்தான் அந்த ஓட்டை விழுந்திருக்கிறது. சுட்டுவிரலின் நடுவிலிருந்து அந்த அடிச்சதைக்குக் கீழ்வரை கிரிப்பைச் சாய்வாகக் கிடத்தி, அதன் பிறகு விரல்களை மூடுங்கள்.

கெலமங்கலத்தான்: இடக்கை என்பதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை, மன்னிக்கவும். இன்று காலை 30 பந்துகள் அடித்ததில் ஐந்து மட்டுமே வளைந்தன. மிக்க நன்றி, அக்கா.