78,000 கிலோமீட்டர் ஓடிய ராஜ்தூத் 350: வாங்கலாமா?

வணக்கம். நான் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். பொள்ளாச்சியில் ஒரு ராஜ்தூத் 350, பழைய டூ ஸ்ட்ரோக் பைக், விலைக்கு வந்திருக்கிறது. ஹை டார்க் (High Torque, இழுவிசை அதிகம்) மாடல், மீட்டரில் 78,000. அந்த மீட்டரை யார் நம்புவது என்பது வேறு விஷயம்.

பார்க்கப் போனபோது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று பார்க்க முடியவில்லை, அதுதான் உறுத்துகிறது. பத்து நிமிடம் ஓட்டியும் வெள்ளைப் புகை நிற்கவில்லை. கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் (சுழல் தண்டின் முனையில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போய் கியர் ஆயிலை இழுக்கிறதோ? மறுபக்க சீலும் கசிந்தால் காற்று புகுந்து பெட்ரோல் கலவை மெலியும்; காற்றில் குளிரும் எஞ்சின் என்பதால் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சிலிண்டரில் குளிர்விக்கும் தகடுகள் இரண்டு உடைந்திருக்கின்றன. எத்தனையாவது போர் (bore, சிலிண்டரை உள்ளே கடைந்து அகலமாக்குவது) என்று கேட்டால் உரிமையாளர் சிரிக்கிறார். ஒரிஜினல் உள்விட்டம் 64 மில்லிமீட்டர். கடைசி ஓவர்சைஸ் (பெரிய அளவு பிஸ்டன்) வரை கடைந்துவிட்டிருந்தால் எனக்கு மிச்சம் என்ன?

பிரிக்காமல் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது? கோவை, பாலக்காடு பக்கம் டூ ஸ்ட்ரோக் தெரிந்த மெக்கானிக் யாராவது கூட வந்து பார்ப்பாரா? வண்டிச் செலவு, சாப்பாடு என்னுடையது.

அப்புறம், தமிழ்நாட்டுப் பதிவு. என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கிக் கேரளத்துக்கு மாற்றியவர்கள், எஞ்சின் எண்ணை எப்படிச் சரிபார்த்தார்கள் என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.