மாந்தோப்புக் குத்தகையும் வெம்பன்யாமாவும்

குழு: காட்பாடி – குடியாத்தம் உறவுகள்
2025 ஜூலை 20, ஞாயிறு

சின்னவன் (காலை 7:12): எல்லோரும் எழுந்துவிட்டீர்களா? ஒரே ஒரு கேள்வி. ஸ்பர்ஸ் அணி வெம்பன்யாமாவுக்கு அடுத்த கோடையில் ஒப்பந்தத்தை நீட்டித்துக் கொடுக்கலாமா, இன்னும் ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்கலாமா? நண்பர்களோடு இரவெல்லாம் இதே சண்டைதான்.

பெரியம்மா: மாடி வீட்டுப் பையனுக்கா? 11 மாதம் முடியப்போகிறது. வாடகையை ஏற்றிச் சொல்லுங்கள்.

சின்னவன்: ஐயோ பெரியம்மா, இவன் பிரான்ஸ்காரன். அமெரிக்காவில், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்குக் கூடைப்பந்து ஆடுகிறான். 7 அடிக்கு மேல் உயரம்.

பெரியம்மா: அப்படியென்றால் மாடி வீடு சரிப்படாது. நிலை இடிக்கும்.

குடியாத்தம் மாமா: விவரமாகச் சொல்லுடா. இப்போது என்ன ஒப்பந்தம் இருக்கிறது?

சின்னவன்: 2023 டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கிற தேர்வில், முதல் ஆளாக எடுத்தார்கள் மாமா. முதல் சுற்றில் வருகிறவனுக்கு 4 வருஷம், சம்பளம் பட்டியல்படிதான். 3 சீசன் முடிந்ததும் நீட்டிப்பு பேசலாம். 4ஆவது சீசன் அக்டோபரில் தொடங்குவதற்குள் கையெழுத்தாக வேண்டும். அதிகபட்சம் 5 வருஷம். ஒரு அணி மொத்தச் சம்பளத்துக்கு ஒரு வரம்பு உண்டு; முதல் வருஷச் சம்பளம் அதில் 25 சதவீதம் வரை, பெரிய விருது வாங்கினால் 30 வரை.

குடியாத்தம் மாமா: கையெழுத்தாகாவிட்டால்?

சின்னவன்: 4ஆவது வருஷமும் ஆடிவிட்டு வெளியே விலை கேட்பான். ஆனால் வேறு அணி எழுதிக்கொடுக்கிற தொகையை ஸ்பர்ஸே கொடுத்து அவனை நிறுத்திக்கொள்ளலாம்.

குடியாத்தம் மாமா: புரிந்தது. பங்காளி நிலம் மாதிரி. வெளியாள் சொன்ன விலையைக் கொடுத்துப் பங்காளி எடுத்துக்கொள்வான். அப்புறம் என்ன அவசரம்?

பெரியப்பா: மாப்பிள்ளை, அதற்கப்புறம் பங்காளிகள் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடப்பதையும் பார்த்திருக்கிறோமே.

அத்தை: அந்தப் பையனுக்குத்தானே தோளில் ரத்தக் கட்டி என்றாய்?

சின்னவன்: ஆமாம் அத்தை. இந்த பிப்ரவரியில். 82 ஆட்டத்தில் 46தான் ஆடினான்.

அத்தை: வார்டிலேயே காலம் தள்ளியவள் சொல்கிறேன், கேள். கட்டிக்குக் கொடுக்கிற மருந்தில் ரத்தம் சீக்கிரம் உறையாது. அந்த நிலையில் முட்டி மோதுகிற ஆட்டம் ஆடவே கூடாது, சின்ன அடியும் ஆபத்து. ஒருமுறை வந்து போனால் பெரிதில்லை. திரும்பவும் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

சென்னை அக்கா: கிறிஸ் பாஷ் என்ற ஆட்டக்காரன் கதை அதுதான் அத்தை. 2014இல் மயாமி அணி 5 வருஷம் எழுதிக் கொடுத்தது. 2015 பிப்ரவரியில் நுரையீரலில் ரத்தக் கட்டி, 2016 பிப்ரவரியில் மறுபடியும் ரத்தக் கட்டி. அதோடு ஆட்டமே போச்சு. அந்த ஒப்பந்தத்தில் ஒரு சீசன்கூட முழுசாக ஆடவில்லை.

சின்னவன்: அக்கா, கோல்டன் ஸ்டேட் அணியின் ஸ்டீஃபன் கரியைப் பாருங்கள். கணுக்கால் ஓயாமல் படுத்திக்கொண்டிருந்த நேரம், 2012 அக்டோபரில் 4 வருஷத்துக்கு 4.4 கோடி டாலர். பிறகு 2015, 2016 இரண்டு வருஷமும் எம்விபி, அதாவது சிறந்த ஆட்டக்காரன் விருது. அந்த மலிவுச் சம்பளம் இருந்ததால்தான் டுராண்ட் என்ற இன்னொரு பெரிய ஆட்டக்காரனைக் கூப்பிட வரம்பில் இடம் கிடைத்தது.

குடியாத்தம் மாமா: அதைத்தான் பூவில் பேசுவது என்போம். மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகை பேசினால் மலிவு, ஆனால் பூ உதிர்ந்தால் நம் தலையில். காய் கண்டபிறகு பேசினால் பயம் குறைவு, விலை ஏறிவிடும். இந்த வருஷம் நான் பூவில்தான் பேசினேன். காய் கொட்டியது. எல்லாத் தோப்பிலும் கொட்டியது! பெங்களூரா விலை விழுந்து பறிப்புக் கூலிகூடத் தேறவில்லை. அதை விடு.

சென்னை அக்கா: இதே ஸ்பர்ஸ் ஒருமுறை காய்க்குக் காத்திருந்தது மாமா. 2014இல் கவாய் லெனர்ட், 22 வயதில் இறுதிச்சுற்றின் எம்விபி. அப்போதும் நீட்டிப்புக் கொடுக்கவில்லை. அவனுடைய பழைய சின்னச் சம்பளத்தை வைத்தே கணக்குப் போட்டதால் வரம்பில் இடம் இருந்தது, 2015 ஜூலையில் அந்த இடத்தில் ஆல்ட்ரிட்ஜ் என்ற இன்னொரு ஆட்டக்காரனை எடுத்துக்கொண்டு, லெனர்டுக்கும் 5 வருஷம், 9 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள்.

பெரியப்பா: கெட்டிக்காரத்தனம்தான். பையன் மனசு?

சின்னவன்: 2018இல் டொரான்டோவுக்குப் போய்விட்டான் பெரியப்பா! 2019இல் அங்கே கோப்பையும் வாங்கினான்.

சென்னை அக்கா: டேய், அதையும் இதையும் முடிச்சுப் போடாதே. அவன் போனது தொடைக் காயத்துக்கு வைத்தியம் பார்த்ததில் வந்த மனக்கசப்பு. 2014இல் காக்க வைத்ததால்தான் போனான் என்று யார் சொன்னது?

குடியாத்தம் மாமா: சரி, என் கணக்கைக் கேளுங்கள். கரிக்குப் பூவில் பேசியதால் மலிவு. இந்தப் பையன் இன்றைக்கே உச்ச விலைதான் கேட்பான், அதற்கும் மேல்வரம்பு இருக்கிறது. காத்திருந்தால் விலையில் மிச்சமே இல்லை. அக்கா சொன்ன மாதிரி இன்னொருவனை எடுக்க இடம் வேண்டுமென்றால் காக்கலாம், அதற்கும் அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மற்றபடி கட்டி பயம் ஒன்றுதான். அதற்கு இந்த 3ஆவது சீசன் முழுக்க இருக்கிறதே. ஆடுகிறானா பார், ஆடினால் கோடையிலேயே கொடு. அக்டோபர்வரை இழுக்காதே.

அத்தை: ஆடினால் மட்டும் போதாது. மருந்தை நிறுத்திய பிறகும் கட்டி திரும்பாமல் இருக்க வேண்டும்.

சின்னவன்: ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பட்டுமா மாமா?

குடியாத்தம் மாமா: அனுப்பு. கூலி கதையை மட்டும் வெட்டிவிடு.

பெரியம்மா (9:40): மாடி வீட்டுப் பையனுக்குக் கூழ் கொடுக்கப் போனேன். இன்னும் 11 மாதம் அதே வாடகையில் இருந்துகொள் என்று சொல்லிவிட்டேன். நல்ல பிள்ளை.

பெரியப்பா: என்னை ஒரு வார்த்தை கேட்காமலா?

பெரியம்மா: நீங்கள் பிரான்ஸ்காரனோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். வரும்போது முருங்கைக்கீரை வாங்கி வாருங்கள்.