மறு: பீட்மேட்ச்சிங் – ‘அடிசேர்ப்பு’ என்று வைக்கலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

டிஜே இரண்டு பாட்டின் அடிகளை ஒன்றாக விழவைக்கும் ‘பீட்மேட்ச்சிங்’ போன்றவற்றுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை ஒரு வாரமாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். எழுத உட்கார்ந்தால் மனம் அமெரிக்காவின் டெட்ராய்ட்டுக்கு ஓடிவிடுகிறது. மே மாதக் கடைசியில் அங்கே ‘மூவ்மென்ட்’ என்ற மின்னணு நடன இசை விழா. வேலைக்காக அந்தப் பக்கம் இருந்தவரை ஒரு முறையும் விட்டதில்லை. புதுச்சேரிக்குத் திரும்பிய பிறகு போக வாய்க்கவேயில்லை, இந்த வருடமும் இல்லை. விழா நடக்கும் ஹார்ட் பிளாசாவில் நள்ளிரவில் கடைசி இசைத்தட்டு நிற்கும்போது இங்கே காலை ஒன்பதரை மணி. நான் நேரு வீதியில் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருப்பேன்.

2000-இல் தொடங்கிய விழா அது. முதல் சில ஆண்டுகள் நுழைவுக் கட்டணமே கிடையாது. மேடைக்குப் பின்னால் ஆறு, ஆற்றுக்கு அக்கரையில் கனடா. பேரன் பேத்தியோடு வந்த பெரியவர்கள் ஆடுவதை அங்கே பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்கு ஏக்கமாக இருப்பது வேறொன்றுக்கு. ஒரு பாட்டு எப்போது முடிந்தது, அடுத்தது எப்போது உள்ளே நுழைந்தது என்றே தெரியாது. கால் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருக்கும். மணிக்கணக்கில் ஒரே இசையாக ஓடும். அதைச் சாத்தியமாக்குகிற வேலைக்குத்தான் நாம் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். அதனால் இந்தச் சொல் சரியாக அமைய வேண்டும் என்று எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

முதலில் வேலை என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு தட்டு ஒலிபெருக்கியில் ஓடுகிறது. இன்னொன்று டிஜேயின் ஹெட்போனில் மட்டும் கேட்கிறது. முதலாவது நிமிடத்துக்கு 124 அடி (பீட்), இரண்டாவது 120 என்று வையுங்கள். இரண்டாவதின் வேகத்தை 3.3 சதவீதம் ஏற்ற வேண்டும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 என்ற டர்ன்டேபிளின் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) 1979 மாடலில் இதற்கென்றே ஒரு தள்ளுகட்டை இருக்கிறது. 8 சதவீதம் வரை கூட்டலாம், குறைக்கலாம். வேகம் ஒன்றானால் மட்டும் போதாது, இரண்டின் கிக்கும் (‘தும்’ என்ற பெரிய டிரம் ஒலி) ஒரே இடத்தில் விழ வேண்டும். தட்டின் ஓரத்தை விரலால் லேசாகத் தள்ளியோ பிடித்தோ அதைக் கொண்டுவருவார்கள். நிமிடத்துக்கு 125 அடி என்றால் ஓர் அடிக்கு 0.48 நொடி. வேகத்தில் வெறும் 0.1 சதவீதம் பிசகினால்கூட ஒரு நிமிடத்தில் 60 மில்லிநொடி விலகிவிடும். ‘தும்’ என்று விழ வேண்டியது ‘துதும்’ என்று இரண்டாகப் பிளந்து கேட்கும். அதைக் காது பிடித்த கணமே விரல் திருத்த வேண்டும். 1960களின் கடைசியில் நியூயார்க்கில் டிஜே பிரான்சிஸ் கிராசோ இதை ஒரு கலையாக வளர்த்தார் என்பார்கள். டெட்ராய்ட்டின் டிஜே ஜெஃப் மில்ஸ் மூன்று டர்ன்டேபிளை வைத்துக்கொண்டு இதைச் செய்வார்.

இனி வந்த பரிந்துரைகள்.

> தாளப் பொருத்தம் என்றால் எல்லோருக்கும் புரியுமே. ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

ஐயா, புரியும் என்பது உண்மை. ஆனால் இரண்டு இடங்களில் இடிக்கிறது. டிஜேக்கள் போடும் ஹவுஸ், டெக்னோ என்ற நடன இசை வகைகள் எல்லாமே பெரும்பாலும் நான்குக்கு நான்கு, சுற்றுக்கு நான்கு அடி. அதாவது தாளம் ஏற்கெனவே ஒன்றுதான். ஒத்துப்போகாதது காலப்பிரமாணமும் (வேகம்) அடி விழும் இடமும். அடுத்து, பொருத்தம் என்பது இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வது. இங்கே இல்லாததை ஒருவர் கையால் உண்டாக்குகிறார். செயலைச் சொல்லும் சொல்தான் வேண்டும்.

> துடிப்பொத்திசைவு

இலக்கணம் சரிதான். ஆனால் கணினிப் பக்கம் ‘ஒத்திசைவு’ ஏற்கெனவே கோப்பு, கடிகாரம் என்று பலவற்றுக்கு உழைத்துக்கொண்டிருக்கிறது. அதோடு, மேடையில் ஒருவன் இன்னொருவனிடம் கத்திச் சொல்ல முடியாத சொல் இது.

கத்திச் சொல்ல முடிய வேண்டும் என்று நான் சும்மா சொல்லவில்லை. கடலூரில் ஒரு கல்யாண வரவேற்பில், திருப்பாதிரிப்புலியூர்ப் பக்க மண்டபம், டிஜே தம்பிகள் இருவரின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவன் கழுத்தைச் சாய்த்து ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்தான், மற்றக் காது மண்டபத்துக்கு. சின்னவன் அடுத்த பாட்டின் ஒலியளவுக் கட்டையை ஏற்றப் போனான். பெரியவன் கையைப் பிடித்து, “இருடா, இன்னும் பீட் சேரல” என்றான். சில நொடி கழித்து, “சேந்துடுச்சு, ஏத்து” என்றான்.

வினைச்சொல் அங்கேயே இருக்கிறது. சேர். தானாகச் சேர்வதும் உண்டு, ஆள் சேர்ப்பதும் உண்டு. இப்போதைய கருவிகளில் ‘சின்க்’ பொத்தானை அழுத்தினால் கருவியே சேர்க்கிறது, பழைய ஆள் காதால் சேர்க்கிறார். இரண்டுக்கும் இடம் தரும். அதனால் என் பரிந்துரை அடிசேர்ப்பு. வினையாக ‘அடி சேர்’, ‘அடி சேரவில்லை’.

> ‘அடி’ என்றால் உதை என்றோ அடிப்பாகம் என்றோ எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

அக்கா, ஆரோவில்லில் ஒலிப்பதிவு வேலை பார்க்கிறவர் நீங்கள், உங்கள் தயக்கம் எனக்குப் பெரிது. ஆனால் பறையில் சப்பரத்து அடி, சாமிச்சாட்டு அடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி என்று ஒரு வரிசையே இருக்கிறது. தோலில் விழுவதற்குத் தமிழில் நெடுநாளாக இருக்கும் பெயர் அடிதான். அங்கே அது ஒரு முழுக் கோலத்தையும் குறிக்கிறது, நமக்குத் தேவை ஒற்றைத் தட்டு என்பது வித்தியாசம். இடம் பார்த்துப் பொருள் கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

இதே காரணத்தால்தான், ஒவ்வோர் அடியிலும் கிக் விழும் அமைப்புக்கு ‘ஒத்தையடி’ என்று ஒருவர் எழுதியதை நான் ஏற்கவில்லை. அது பறையில் வாழ்ந்துகொண்டிருக்கும் ஓர் அடியின் பெயர். அதைத் தூக்கி வேறொன்றுக்குச் சூட்ட நமக்கு உரிமை இல்லை. ‘சமனடி’ என்று புதிதாகவே வைத்துக்கொள்வோம். நான்கு அடியும் ஒரே கனத்தில் விழுகின்றன, அவ்வளவுதான்.

ஹவுஸுக்கு ‘இல்லிசை’ (இல் என்றால் வீடு) வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அது வீட்டிலிருந்து வந்த பெயர் அல்ல. சிகாகோவில் 1977-இல் திறந்த ‘வேர்ஹவுஸ்’ என்ற கிளப்பிலிருந்து வந்தது. அங்கே ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டு போட்டார். ஆட வந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். அவர்களில் பலர் தன்பால் விருப்பினர்கள், வேறெங்கும் வரவேற்பில்லாதவர்கள். டெக்னோவை டெட்ராய்ட்டில் வளர்த்தெடுத்த ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் பெல்வில்லில் ஒன்றாகப் படித்த கறுப்பினப் பையன்கள். 2024-இல் ஜெர்மனி பெர்லின் டெக்னோவைத் தன் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது மகிழ்ந்தேன், ஆனாலும் ஊற்று டெட்ராய்ட் என்பதை எங்கேயும் சொல்லாமல் விடக்கூடாது. ஹவுஸ், டெக்னோ இரண்டையும் அப்படியே எழுதுவோம். வேலைக்கும் நுட்பத்துக்கும் தமிழ்ச்சொல், பிறந்த இடத்தைச் சொல்லும் பெயருக்கு அந்தப் பெயரே.

இந்த இசை நமக்கு அந்நியம் என்று எழுதியிருந்த நண்பருக்கு ஒன்று. மும்பையில் சரண்ஜித் சிங் 1982-இலேயே ரோலண்ட் நிறுவனத்தின் 808 (டிரம் ஒலிக் கருவி), 303 (பேஸ் ஒலிக் கருவி) இரண்டையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ அடியில் வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார். சிகாகோக்காரர்கள் அதே 303-ஐ வைத்து ஹவுஸின் ஒரு கிளையான ஆசிட் ஹவுஸ் செய்தது அதற்குப் பிறகு. அன்றைக்கு இங்கே யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்த பின்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஜூன் 21 இசை நாளன்று புதுச்சேரித் தெருக்களில் எத்தனையோ வகை இசை கேட்கிறோம். அங்கே ஒரு மூலையில் இரண்டு டர்ன்டேபிளோடு யாராவது நின்று சமனடி போட்டால் முதல் ஆளாக ஆடப் போகிறவன் நான்.

சரி, இப்போதைக்குப் பட்டியலில் இரண்டு சொல்: அடிசேர்ப்பு, சமனடி. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

மூன்றாவதில் எனக்கே சிக்கல். சேர்ந்த இரண்டு தட்டும் மெல்ல மெல்ல விலகிப்போவதற்கு என்ன சொல்லலாம்? ‘அடி நழுவல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், திருப்தி இல்லை. கடலூர் அண்ணே, உங்களுக்குத் தெரிந்த பறை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்றீர்களே. இரண்டு பேர் சேர்ந்து அடிக்கும்போது ஒருவர் பிந்திப்போனால் அவர்கள் குழுவில் என்ன சொல்லித் திருத்துவார்கள் என்று கேட்டுச் சொல்ல முடியுமா? அவர் வாயில் வரும் சொல்லையே, அவர் சம்மதித்தால், எடுத்துக்கொள்ளலாம்.