ஆலோசகர்கள் போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது: கைசன் நிலைக்க என்ன வழி?

கேள்வி (பிரஸ்ஷாப்):
வணக்கம். ஒரு பிரஸ் ஷாப்பில் (தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரிவு) தர மேம்பாட்டுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். பிரஸ்ஸில் மாட்டும் அச்சை, அதாவது டையை, மாற்ற 70 நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து ஆலோசகர்கள் வந்து 25-க்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் போய் எட்டு மாதம். இப்போது மறுபடி 60. ஆட்கள் அதே ஆட்கள்தான். தனியாக ஒரு கைசன் (வேலையைச் சிறிது சிறிதாகத் தொடர்ந்து மேம்படுத்துவது) துறை தொடங்கலாம் என்கிறது நிர்வாகம். அதனால் சரியாகுமா?

பதில் (தரம்22):
மாதாமாதம் ஆடிட் வைத்து மதிப்பெண் போட்டுப் பார்த்தோம். ஆடிட்டுக்கு முதல் நாள் மட்டும் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அந்த வழி வேண்டாம்.

பதில் (பழைய சூப்பர்வைசர்):
தம்பி, 31 வருஷம் ஷாப்பில் நின்றவன் நான். 25 நிமிடம் ஒரே நாளில் 60 ஆகியிருக்காது, இரண்டிரண்டு நிமிடமாக நழுவியிருக்கும். மெஷின் ஓடும்போதே அடுத்த டையைப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பது ஒரு நாள் தவறும். போல்ட், ஸ்பானர் வைத்த டிராலியை யாராவது இரவல் கொண்டுபோவார்கள். 25, 29 ஆன அன்று "நாலு நிமிடம் ஏன் கூடியது?" என்று யார் வந்து கேட்டார்கள்?

எங்கள் ஆலையிலும் இதே கதை. வேலைமுறைத் தாளை வெளியாட்களே எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டிவிட்டுப் போனார்கள். நான் உறையைக் கழற்றிவிட்டு ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டேன். நாலாம் நாள் இரவு ஷிப்ட் ஆபரேட்டர் ஒருவர், "ஆறு போல்ட்டில் இரண்டுக்கு மட்டும் வேறு ஸ்பானர், ஏன்?" என்று எழுதியிருந்தார். அந்த வாரமே ஆறையும் ஒரே அளவாக்கினோம். பிறகு தாளில் எழுத இடம் போதவில்லை. எழுதியவருக்குச் சீக்கிரம் பதில் போக வேண்டும். "முடியாது, காரணம் இது" என்றாலும் அது பதில்தான்.

அதே ஆட்கள் என்கிறீர்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் மூடிய கலிபோர்னியா ஃப்ரீமான்ட் ஆலையை டொயோட்டாவோடு சேர்ந்து 1984-இல் நம்மி என்ற பெயரில் திறந்தார்கள். பெரும்பாலும் பழைய தொழிலாளர்கள்தான். தரம் எங்கேயோ உயர்ந்துவிட்டது. அங்கே அப்போது வேலையில் சிக்கல் என்று ஒருவர் உதவிக்கு அழைக்கும் கயிற்றை இழுத்தால் டீம் லீடர் உடனே பக்கத்தில் வந்து நிற்பார். அவருக்குக் கீழே ஒரு சிறு குழுதான். உங்கள் சூப்பர்வைசர் எத்தனை பேரைப் பார்க்கிறார்? ஆள் வராத நாளில் அவரையே மெஷினில் நிறுத்துகிறீர்களா? அப்படியென்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

பதில் (லைன்_பயிற்சி):
ஐயா சொன்னது சரி. ஆனால் துறையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு பேர் போதும். அவர்கள் தாங்களே மாற்றம் செய்யாமல், செய்யும் விதத்தைச் சூப்பர்வைசர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா நடத்திய டி.டபிள்யூ.ஐ. (Training Within Industry, ஆலைக்குள்ளேயே தரும் பயிற்சி) திட்டம் இப்படித்தான்: வேலை சொல்லித்தருவது, வேலைமுறையைத் திருத்துவது, ஆட்களோடு பழகுவது. 1945-இல் அங்கே திட்டம் நின்றது. போருக்குப் பின் ஜப்பான் அதைப் பிடித்துக்கொண்டது, டொயோட்டாவும் எடுத்துக்கொண்டது.

பிரஸ்ஷாப்:
எல்லோருக்கும் நன்றி. ஐயா, படித்ததும் எழுந்துபோய் டிராலியைத் தேடினேன். மெயின்டனன்ஸ் அறையில் இருந்தது, பாதி ஸ்பானர்கள் இல்லை. எங்கள் சூப்பர்வைசருக்குக் கீழே 22 பேர்; வாரத்தில் மூன்று நாள் அவரே மெஷினில் நிற்கிறார். திங்கட்கிழமை நிர்வாகத்திடம் இதைத்தான் முதலில் பேசப்போகிறேன்.